புதிய வண்டியும் பழகிய கையும்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம், சுபாருவுடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட இருகதவு விளையாட்டுக் கார் ‘86’. அதில் ஒரு குறை இருந்தது: என்ஜின் நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளை நெருங்குகையில் இழுவிசை தொய்ந்துவிடும். திருத்திய வடிவத்திற்காக உரிமையாளர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2021-இல் அது வந்தது. 2 லிட்டர் என்ஜின் 2.4 லிட்டராயிற்று, முன்பு 6,400 சுற்றில் கிட்டிய உச்ச இழுவிசை 3,700 சுற்றிலேயே கிட்டலாயிற்று. டர்போவை எதிர்பார்த்தவர்களுக்கோ ஏமாற்றமே! பின்னிருக்கையும் விரிந்தபாடில்லை, பிள்ளைகள் இன்னும் ஒடுங்கியே அமரவேண்டும்.

தொய்வு வருமுன்னரே கியரைத் தாழ்த்தி மலையேறப் பழகிய கை, பழைய வண்டியை விட ஒப்புமா? கடன் தீர்ந்த வண்டியாயின், நான் விற்கமாட்டேன்.