அறைக்குச் சூடா, குஞ்சுக்குச் சூடா?

கேள்வி: 200 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினோம். அறை 10-க்கு 10, உயரம் 8 அடி. செங்கல் சுவர், தகரக் கூரை. பிளஸ் டூ படிக்கும் என் மகன் பாடப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றே ஒன்றேகால் மணி நேரத்தில் அறையைச் சூடாக்கிவிடும் என்றான். இரண்டு போட்டோம். வெளியே 18 டிகிரி. உள்ளே 20-ஐத் தாண்டவில்லை. இரண்டே ராத்திரியில் 30 குஞ்சு போய்விட்டது. அடுத்த தடவை ஜன்னலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு கரி அடுப்பு வைக்கலாமா? ராத்திரி காவலுக்கு நாங்களும் அங்கேயேதான் படுக்கிறோம்.
- ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அடுப்பு விஷயம். வைக்கவே வைக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குஞ்சுகளுக்கும் அதே கதிதான்.

மகனின் கணக்கில் பிழை இல்லை. அவர் போட்டது காற்றைச் சூடாக்கும் கணக்கு. உங்கள் அறை 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ, ஆக மொத்தம் 27 கிலோ காற்று. அரை மூட்டை சிமென்ட்டைவிடச் சற்று அதிகம்! ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ ஜூல் போதும். 18-லிருந்து 35-க்கு, 17 டிகிரி ஏற்ற 459 கிலோ ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல். ஆக, எட்டில் ஒரு பங்கு யூனிட் போதும்.

ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரிதான் இது. குடம் எவ்வளவு கொள்ளும் என்பதைவிட ஓட்டை எவ்வளவு பெரிது என்பதுதான் முக்கியம். உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் தகரம் சுமார் 6 வாட் சூட்டை வெளியே விடும். 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 2 வாட் விடும். 17 டிகிரி வித்தியாசத்துக்கு உங்கள் கூரை வழியே ஏறக்குறைய 950 வாட் போகும், சுவர்கள் வழியே 1,000 வாட் போகும். அறைக் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் இன்னும் 250. மொத்தம் 2,200 வாட் இடைவிடாமல் எரிய வேண்டும். ஒரு நாளைக்கு 53 யூனிட். நீங்கள் போட்ட 200 வாட் ஒன்றரை டிகிரிதான் ஏற்றும். அதைத்தான் நீங்களும் பார்த்தீர்கள்.

அதனால் அறையை விட்டுவிடுங்கள். குஞ்சு இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கினால் போதும். தகரத் தகடு அல்லது கெட்டி அட்டையால் ஒன்றரை அடி உயரத்தில், 5 முதல் 6 அடி விட்டத்தில் ஒரு வட்டம் கட்டுங்கள். மூலை இருக்கக் கூடாது. குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கித்தான் சாகும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமி, முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள். உங்கள் ஊர்க் குளிருக்குக் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வையுங்கள்: 100 வாட் பல்பு நான்கு, மேலே தகர மூடி. நாளைக்கு 10 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. 9 வாட் எல்இடி நல்ல வெளிச்சம் தரும், சூடு 9 வாட்தான். மூடியை ஒயரில் தொங்கவிடாமல் கம்பியிலோ சங்கிலியிலோ கட்டுங்கள். உமியில் விழுந்தால் கொட்டகையே எரிந்துவிடும்.

தகரத்துக்குக் கீழே சாக்கையோ ஓலைத் தட்டியையோ பந்தல்போலக் கட்டினால் பெரிய ஓட்டை பாதி அடைபடும், பல்பிலிருந்து தள்ளி. காற்று அடிக்கிற பக்க ஜன்னலுக்குச் சாக்குத் திரை போடுங்கள். ஆனால் மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். அதையும் அடைத்தால் எச்சத்திலிருந்து வரும் அமோனியா குஞ்சின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். சூடு மிச்சம் பிடிக்கக் காற்றை நிறுத்துவது லாபமில்லை.

வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்; பல்பை உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாடைக்காற்று நுழைகிறது. வட்டம் முழுக்கப் பரவித் தின்றுகொண்டிருந்தால் நீங்கள் போய்ப் படுக்கலாம்.

அடுத்த குஞ்சு வருவதற்கு முந்தின நாளே பல்பைப் போட்டு விடுங்கள். தரையும் உமியும் சூடேற அத்தனை நேரம் பிடிக்கும்.