ரெய்டு இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?

வீட்டுல நெட்வொர்க் டிரைவ் வச்சிருக்கற நண்பர்கள்கிட்ட "பேக்கப் எடுக்கறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. தலைப்புல இருக்கறதுதான் பதிலா வரும். ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும், வாஸ்தவம்தான். ஆனா ஒரு ஃபைலை அழிச்சா ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழியுமே! அதுக்குப் பேர் பேக்கப் இல்லீங்க.

2021 ஏப்ரல்ல க்யூநாப் டிரைவ்களைத் தாக்கின க்யூலாக்கரை எடுத்துக்குங்க. பெரிய மாயமந்திரம் எல்லாம் இல்லை. நாம தினமும் பயன்படுத்தற செவன் ஸிப்பை வச்சே ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி, ஒரிஜினலை அழிச்சுட்டு, 0.01 பிட்காயின் கேட்டாங்க. அன்னைய மதிப்புக்குச் சுமார் 40 ஆயிரம் ரூபாய். உள்ளே வந்த வழிதான் கொடுமை: பேக்கப் எடுக்கறதுக்குன்னு கம்பெனியே கொடுத்த மென்பொருள்ல இருந்த ஓட்டை! அதனால "பாஸ்வேர்டை ஒழுங்கா வச்சிருக்கணும்"னு மாட்டினவங்களுக்கு உபதேசம் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, ஃபைலை எப்படி மீட்டாங்க? பூட்டற வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போதே பார்த்தவங்க, செவன் ஸிப்புக்குப் போற கட்டளையில இருந்தே பாஸ்வேர்டைப் பிடிச்சாங்க. அதனாலதான் டிரைவை ஆஃப் பண்ணாதீங்கன்னு கம்பெனி சொல்லுச்சு. ஆனா பதட்டத்துல யாரா இருந்தாலும் முதல்ல பிளக்கைத்தான் பிடுங்குவாங்க. பிடுங்கினா அந்த வழி காலி.

அடுத்த வழி ஃபோட்டோரெக். அழிச்ச ஃபைல் மேல வேற எதுவும் எழுதப்படாத வரைக்கும் அது டிஸ்க்ல கிடக்கும், தோண்டி எடுக்கலாம். ஆனா எடுக்கறதை வேற டிஸ்க்லதான் போடணும். அதுலயே போட்டா மிச்சமும் போச்சு. கிடைக்கறதுக்கும் பேர் இருக்காது, ஃபோல்டர் இருக்காது, வெறும் நம்பர்தான். தங்கச்சி கல்யாண ஃபோட்டோவும் கரண்ட் பில்லும் ஒரே குப்பையில கிடக்கும். உட்கார்ந்து பொறுக்கணும்.

2022ல வந்த டெட்போல்ட்ல இன்னொரு கூத்து. நெதர்லாந்து போலீஸ் பணம் கட்டற மாதிரி கட்டி, சாவி வந்ததும் பரிவர்த்தனையை ரத்து பண்ணி 155 சாவிகளை வாங்கிட்டாங்க. கேட்க ஜாலியாத்தான் இருக்கு. 156வது ஆளோட கதி?

என் கருத்து இதுதான் மக்களே. மீட்டவங்க எல்லாரும் திருடனோட சோம்பேறித்தனத்தாலயோ, போலீஸோட சாமர்த்தியத்தாலயோ தப்பிச்சவங்க. அதை நம்பிக் குழந்தை ஃபோட்டோவை வைக்க முடியாது. யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு வாங்குங்க. மாசம் ஒரு தடவை காப்பி பண்ணுங்க, ரெண்டு ஃபைலைத் திறந்து பாருங்க, கழட்டி பீரோல வைங்க. கழட்டறதுதான் முக்கியம். ஒயர் இல்லாத டிஸ்கை எந்த ஹேக்கரும் தொட முடியாது. அப்படியே ரவுட்டர்ல அந்த டிரைவுக்குன்னு திறந்து வச்ச போர்ட்டையும் மூடிடுங்க.

கூகுளுக்கு மாசாமாசம் காசு கட்ட வேண்டாம்னுதானே இந்தப் பெட்டியை வாங்கினோம்? அப்போ அவன் பார்க்கற வேலையை நாமதான் பார்க்கணும் :-)

உங்க வீட்டுல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க. "ரெய்டு இருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க!