அளவுகோலுக்கும் ஓர் அளவுகோல்

கொரட்டூரை அடுத்துள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் ஒரு நடைமுறை உண்டு. உருக்கில் துளையிட்டு முடித்தபின் அதனைக் கண்ணால் பார்த்து மட்டும் எவரும் நிறைவடைவதில்லை. ‘கேஜ்’ என்று தொழிலாளர் வழங்கும் அளவியைக் கொண்டு சோதிப்பர். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைதல் வேண்டும். மறுமுனை நுழைதல் கூடாது. இரண்டும் சரியாக அமைந்தாலே உறுப்பு தேறும். அவ்வளவியே தேய்ந்திருந்தால் பிழையான உறுப்பும் ‘சரி’ என்று தேறிவிடும். ஆதலால், குறித்த காலத்திற்கு ஒருமுறை அளவியையும் சரிபார்ப்பது தொழில்மரபு.

இதே தொழிற்பேட்டையில் இன்று மென்பொருள் எழுதும் அலுவலகங்களும் எழுந்துள்ளன. அங்கும் ஆக்கப்பட்ட பொருளைச் சோதிக்க அளவிகள் தேவைப்படுகின்றன. அவையே மென்பொருள் சோதனைக் கருவிகள். அவற்றுட் பல, எவரும் விலையின்றிப் பெற்று, மூலநிரலைப் படித்து, திருத்தவும் இயலும் திறந்த மூல மென்பொருள்கள். அத்தகைய கருவியின் புதிய பதிப்பை வெளியிடுவது அதனை ஆக்குவோரின் பணி. அதனைச் சரிபார்ப்பதோ பயன்படுத்துவோர் அனைவரின் கடமை.

ஒரு கருவியின் வளர்ச்சி

இணையதளங்களைச் சோதிக்கும் ‘செலினியம்’ இவ்வகைக் கருவிகளுள் புகழ்பெற்றது. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் இதனை உருவாக்கினார். மனிதர் ஒருவர் உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, படிவத்தை நிரப்பிச் சரிபார்க்கும் வேலையை இக்கருவி தானே செய்கிறது. பின்னர் இதன் மூலநிரல் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது.

2018ஆம் ஆண்டு, உலாவிகளை இயக்கும் முறைக்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஒரு செந்தரத்தை வகுத்தது. அச்செந்தரத்தைத் தழுவிய செலினியத்தின் நான்காம் பதிப்பு 2021 அக்டோபரில் வெளிவந்தது. ஆனால், அதன் முதல் முன்னோட்டப் பதிப்பு 2019ஆம் ஆண்டிலேயே பயனர் கைக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கும் மேற்பட்ட காலம் சோதனைக்குரிய காலமாக அமைந்தது. முன்னோட்டப் பதிப்பை எவரும் எடுத்துப் பயன்படுத்தாவிடில், அக்காலம் வீணாகியிருக்கும் அன்றோ?

எண்கள் தரும் வாக்குறுதி

பல மென்பொருள்களின் பதிப்பெண் மூன்று பகுதிகளை உடையது. வழுக்கள் மட்டும் திருத்தப்பட்டால் மூன்றாம் எண் மாறும். பழையதைக் குலைக்காமல் புதிய வசதி சேர்ந்தால் இரண்டாம் எண் மாறும். பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் நேர்ந்தால் முதல் எண் மாறும். எனவே, பதிப்பெண் என்பது ஆக்கியோர் பயனருக்கு அளிக்கும் வாக்குறுதி. அவ்வாக்குறுதி காக்கப்பட்டதா என்பதை ஆக்கியோர் மட்டும் அறிய இயலாது. அவர்களிடம் இல்லாத கணினிகளும், அவர்கள் அறியாத மொழிகளும் உலகில் பலவாக உள்ளன.

‘கொரட்டூர்’ என்னும் சோதனை

தமிழ்ப் பயனரின் பங்கு இங்குதான் இன்றியமையாததாகிறது. ‘கொரட்டூர்’ என்னும் பெயரில் தமிழ் இலக்கணப்படி ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையில் அதனை எழுதக் கணினிக்கு ஒன்பது குறிகள் வேண்டும். மேலும், ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டாம் முறையில் குறிகள் பத்தாகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குறிகளை அப்படியே ஒப்பிடும் சோதனையோ இரண்டையும் வெவ்வேறு சொற்கள் என்று முடிவுகட்டும். இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

இதன் விளைவு சிறிதன்று. தன் ஊர்ப்பெயரைச் சரியாகவே உள்ளிட்ட ஒருவருக்கு ‘அவ்வாறு ஓர் ஊர் இல்லை’ என்று ஒரு விண்ணப்பத் தளம் விடையளிக்கக்கூடும். ஆங்கிலத்தை மட்டும் கொண்டு சோதிப்பவர் கண்ணில் இவ்வழு படாது. தமிழ் அறிந்தோர் சோதித்துச் சொன்னாலன்றி அது பதிப்புதோறும் தொடரும்.

அரை நொடி விழிப்பு

2024ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இக்கருத்திற்கு வலுச் சேர்க்கிறது. ‘எக்ஸ்இசட்’ என்னும் தரவுச் சுருக்க மென்பொருளை நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர் பேணிவந்தார். அவருக்கு உதவுவதுபோல் வந்து, சில ஆண்டுகளில் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், புதிய பதிப்பில் தீய நிரலை மறைத்து வைத்தார். மறைத்த இடம் எது தெரியுமா? மென்பொருளைச் சோதிப்பதற்கென வைக்கப்பட்டிருந்த கோப்புகளே! தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதை ஆந்திரேஸ் பிராய்ந்து என்னும் மென்பொருளாளர் கவனித்தார், காரணத்தை ஆராய்ந்தார், தீமையைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். அம்மென்பொருளை ஆக்கியோருள் ஒருவர் அல்லர் அவர். அதனைத் தம் கணினியில் பயன்படுத்தியவர்.

“விலையில்லாப் பொருளுக்குப் பொறுப்பேற்பார் இல்லை, ஆதலால்தான் இத்தகைய கேடு நேர்கிறது” என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஒரே தோளில் சுமையை ஏற்றிவிட்டுப் பலரும் பயனை மட்டும் நுகர்ந்ததே அக்கேட்டிற்கு இடமளித்தது. ஆயினும், மூலநிரல் திறந்திருந்தமையால்தான் வெளியார் ஒருவர் அதனை ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணர முடிந்தது. திறந்த கதவு மட்டும் காவலாகாது. அதன் வழியே உள்ளே பார்ப்போரும் வேண்டும்.

மாணவர் ஆற்றக்கூடிய பணி

இப்பணிக்குப் பெரும்புலமை தேவையில்லை. முன்னோட்டப் பதிப்பை நிறுவித் தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்க்கலாம். வழு தென்பட்டால், பதிப்பெண், செய்த செயல்கள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு ஆகிய நான்கையும் வரிசையாக எழுதி அனுப்பலாம். ‘வேலை செய்யவில்லை’ என்னும் குறையுரை எவருக்கும் உதவாது. தெளிவான நான்கு வரிகளோ திருத்தத்திற்கு வழிகாட்டும். கருத்தைத் துல்லியமாக எழுதும் மொழிப்பயிற்சி இங்குத் தொழிற்பயிற்சியாகவும் மாறுகிறது.

தேய்ந்த அளவியைக் கண்டும் வாளாவிருக்கும் தொழிலாளியைப் பட்டறை மன்னிப்பதில்லை. மென்பொருள் உலகிலும் அந்நெறி வேரூன்ற வேண்டும். பிறர் உழைப்பால் விலையின்றிக் கிடைத்த கருவிக்குச் செலுத்தத்தக்க விலை, அதனைக் கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதை உரைக்கும் நேர்மையுமே ஆகும்.