தவணை தவறியதைப் பார்க்கிறார்கள், ஏன் தவறியது என்று கேட்பதில்லை

படிப்பு முடித்து வேலை தேடி அலைந்த காலத்தில் என் கல்விக்கடனில் மூன்று தவணைகள் நின்றுபோயின. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அந்த மழைக்காலத்தில் அவருக்கும் வேலை இல்லை. பிறகு வட்டியோடு கட்டிவிட்டேன். ஆனாலும் அந்த மூன்று தவணைகள் என் சிபில் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. அந்த மழைக்காலம் அதில் இல்லை.

2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய கடன் பதிவுகளைக் காட்டி 2021இல் ரத்து செய்யப்பட்டது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுங்கு தேவை என்று கூறி, வங்கியின் முடிவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வங்கியின் கவலை பொய்யல்ல. கடனில் மூழ்கியவருக்குச் சபலம் வரலாம் என்ற அச்சம் உலகெங்கும் இருக்கிறது. அமெரிக்காவில் அரசு ரகசியங்களைக் கையாளுவோருக்குப் பாதுகாப்பு அனுமதி கொடுக்கும் முன் அவர்களின் கடன்களை ஆராய்கிறார்கள். ஆனால் 2017 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிகள், கடன் ஏன் வந்தது என்றும் கேட்கச் சொல்கின்றன. வேலை இழப்பு, திடீர் மருத்துவச் செலவு, குடும்பத்தில் மரணம், கந்துவட்டிக்காரர்களைப் போன்றவர்களிடம் ஏமாந்தது ஆகியவை காரணமாக இருந்து, அந்த நிலையிலும் அவர் பொறுப்பாக நடந்திருந்தால், அது அவருக்குச் சாதகமாகக் கணக்கில் வரும். ராணுவ ரகசியத்துக்கே கேட்கப்படும் இந்தக் கேள்வி, வங்கி வேலைக்கு ஏன் கேட்கப்படக் கூடாது?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. தவணை கட்ட முடியாத மாதத்தில் ஒருவருக்கு மாமா கைமாற்றாகத் தருவார், இன்னொருவருக்குத் தாத்தா நிலம் இருக்கும், வேறொருவருக்கு அப்பாவின் ஓய்வூதியம் வரும். தலைமுறை தலைமுறையாக நிலமும் சம்பளமும் மறுக்கப்பட்ட சேரியில் அந்த மாமாவும் கூலிக்குத்தான் போகிறார். ஆக, சிபில் காட்டும் எண் ஒருவரின் ஒழுக்கத்தை மட்டும் அளக்கவில்லை. விழும்போது பிடிக்க அவருக்கு யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

கடனுக்கும் சாதிக்கும் உள்ள உறவை இந்த அரசு அறியாததல்ல. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலேயே ஒருவர்மீது சுமத்தப்படும் கட்டாய உழைப்பையும் கொத்தடிமை முறை என்றே வரையறுத்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பையே ரத்து செய்தது. சட்டம் அன்று புரிந்துகொண்டதை ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் இன்று மறந்துவிட்டன.

பொதுத்துறை வங்கித் தேர்வு அறிவிக்கைகளில், கடன் பாக்கி உள்ளவர்கள் பணியில் சேரும் முன் பதிவைச் சரிசெய்ய வேண்டும் அல்லது கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிட்டது. வேலை கிடைத்தால்தான் கல்விக்கடனைக் கட்ட முடியும். கடனைக் கட்டினால்தான் வேலை கிடைக்கும். முதல் தலைமுறையாகப் படித்து, தேர்வெழுதி வென்ற ஒரு பெண் இந்த வட்டத்தை எப்படித் தாண்டுவாள்?

கடன் பதிவையே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நியமனத்தை ரத்து செய்யும் முன் விளக்கம் கேளுங்கள். நோய், வேலையின்மை, உதவித்தொகைத் தாமதம் ஆகியவற்றைக் காரணங்களாக ஏற்று விதியிலேயே எழுதுங்கள். முதல் வேலைக்கு முன் கல்விக்கடனில் ஏற்பட்ட பாக்கியைத் தகுதிக் குறைவாக எண்ணாதீர்கள். குறைந்த சிபில் எண்ணை மட்டும் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. அந்த நியாயம் வேலைக்கும் பொருந்தும்.

தேர்வுக்குத் தயாராகும் தோழர்கள் இன்றே தங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகப் பெற உரிமை உண்டு. பிழையிருந்து புகார் செய்தால் 30 நாட்களில் தீர்க்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பிழையைத் திருத்த இந்த வழி இருக்கிறது. பிழையே இல்லாத, வறுமையை மட்டுமே காட்டும் அறிக்கைக்கு வழி இன்னும் இல்லை. அதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.