நம்மை நாமே காட்டிக் கொடுக்கலாமா?

பிள்ளைக்குப் பெயர் வைத்தால் கைப்பேசியில் போடுகிறோம். மகளுக்கு வேலை கிடைத்தால் நியமன உத்தரவைப் படம்பிடித்துப் போடுகிறோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டாலும், பஸ் ஏறும்போதே அதையும் போட்டுவிடுகிறோம். உழைப்பாளி தன் குரலை ஊரறிய எழுப்புவதற்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது என்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும். பெரும் பத்திரிகை முதலாளிகள் மூடி மறைத்த எத்தனையோ அநீதிகள் இந்தக் கருவியினால்தான் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், அநீதியை ஊரறியச் சொல்வது வேறு. நம் வீட்டு விலாசத்தையும் தோழனின் வீட்டு விலாசத்தையும் வழிப்போக்கனுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் தோழர்களுக்கு இன்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், ஒருவர் இருக்கும் இடம் பகைவனுக்குத் தெரிந்துவிட்டால் என்ன நேரும் என்பதை இரத்தம் சிந்தி அறிந்த மாவட்டம் இது.

2003ஆம் ஆண்டில் நடந்ததை மறந்துவிட முடியுமா? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அந்த இருவரும். இளைஞர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பெண் வேறு சாதியில் பிறந்தவர். மே மாதத்தில் கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் மணம் செய்து கொண்டார்கள். சட்டம் ஒப்புக்கொண்ட திருமணம்தான். ஆனாலும் வெளியே சொல்ல முடியவில்லை. பெண் வெளியூரில் உறவினர் வீட்டில் தங்க வைக்கப்பட்டார். அந்த விலாசம் வெளியே தெரியாமல் இருந்த வரையில் அவருடைய உயிருக்குக் காவல் இருந்தது. சாதி வெறியர்கள் முதலில் தேடியது எதை? அந்த விலாசத்தைத்தான்! ஆளைப் பிடித்து வதைத்து இடத்தைக் கேட்டறிந்தார்கள். ஜூலை 8ஆம் தேதி, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், இருவரையும் நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் வரை 18 ஆண்டுகள் பிடித்தன. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில்தான்.

அன்று அந்த விலாசத்தைப் பெறுவதற்குக் கொலைகாரர்கள் ஆளை வதைக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம்கூட வேண்டாம்! சாதி மறுப்புத் திருமணத்தை முன்னின்று நடத்திய தோழர் ஒருவர், பெருமை தாங்காமல் படத்தைப் போடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்தப் படத்தின் ஓரத்தில் கடையின் பெயர்ப் பலகை தெரிகிறது. கீழே ஊரின் பெயர் இருக்கிறது. அருகில் நிற்பவர் யார் என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய இரவு அந்த மணமக்கள் யார் வீட்டில் தங்குவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இதற்குமேல் என்ன வேண்டும்? வாழ்த்த நினைத்த கையே வழிகாட்டும் கையாகி விடுகிறதே!

விலாசத்துக்கு அலைபவர்கள் கொலைகாரர்கள் மட்டுமல்ல. அதிகாரத்தில் இருப்போருக்கும் என்றைக்குமே இந்தப் பசி உண்டு. மகாகவி பாரதி புதுவையில் வாழ்ந்த பத்தாண்டுக் காலமும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைச் சூழ்ந்தே இருந்தார்கள். யார் வீட்டுக்கு வருகிறார்கள், யாருடன் கடற்கரைக்குப் போகிறார், யாருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று குறித்துக் குறித்து அனுப்பினார்கள். 1918 நவம்பரில் அவர் புதுவை எல்லையைக் கடந்ததும் கைது செய்யப்பட்டு, இதே கடலூரில்தான் சிறை வைக்கப்பட்டார். அந்தக் குறிப்புகளைச் சேர்ப்பதற்கு வெள்ளை ஏகாதிபத்தியம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது. இன்று யாரோடு யார் பழகுகிறார்கள், எந்தக் கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் அமர்ந்தார்கள் என்பதையெல்லாம் சம்பளம் இல்லாமல் நாமே எழுதித் தருகிறோம்!

தொழிற்சங்க ஊழியர்கள் இதை நன்கு சிந்திக்க வேண்டும். கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் காண்ட்ராக்ட் முறையில் வேலை செய்வோரின் நிலைமை நமக்குத் தெரியும். காரணம் சொல்லாமல் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மறுநாள் அடுப்பு எரியாது. ஒரு சங்கம் முளைவிடும் நாளில், முதல் உறுப்பினர் பட்டியல் முதலாளியின் கண்ணில் படாமல் காப்பது தொழிலாளி வர்க்கம் பட்டறிந்து கற்ற பாடம். வாயிற் கூட்டத்தில் நின்ற பத்துப் பேரின் முகமும் பெயரும் அன்று மாலையே கைப்பேசியில் வந்துவிட்டால், காண்ட்ராக்டருக்குக் கருங்காலி தேவையா? தலைவரின் படத்தைப் போடலாம். பொறுப்பேற்று முன்னே நிற்பவர் அவர். முதன்முதலாகச் சங்கத்துக்கு வந்தவனின் முகத்தை அவன் சம்மதம் இல்லாமல் வெளியிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

"மடியில் கனமில்லை, வழியில் பயமென்ன?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். கனம் இருக்கிறது, நண்பரே! வங்கிக் கணக்கில் விழும் கூலிப் பணம் உங்கள் மடியில் இருக்கும் கனம். அந்தப் பணத்துக்குக் காவலாக இருக்கும் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் கனம்தான். வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டைப் படம்பிடித்து முன்பின் தெரியாத ஏஜெண்டுக்கு அனுப்புகிறோமே, அதுவும் கனம்தான். 2022இல் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை இணையவழியில் ஏமாற்றும் வேலைக்கு வற்புறுத்தப்பட்டதை நாடறியும்.

கடன் செயலிகளின் கொடுமை இதைவிட நெருக்கமானது. அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டால், கைப்பேசியில் உள்ள அத்தனை எண்களையும் படங்களையும் அள்ளிக் கொள்கிறார்கள். தவணை தவறினால் உற்றார் உறவினருக்கெல்லாம் அவதூறு அனுப்புகிறார்கள். பெண்களின் படத்தை ஆபாசமாக ஒட்டி மிரட்டுகிறார்கள். கடன் செயலிகள் கைப்பேசியின் எண் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி வகுத்தது. விதிக்குக் கட்டுப்படாத கும்பல்களோ வேறு வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நாம் காக்க வேண்டியது ஒருபுறமிருக்க, சர்க்கார் காத்த இலட்சணம் என்ன? 2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாயின என்ற செய்தி வந்தது. 2023 ஜூனில், தடுப்பூசிக்காகக் கொடுத்த விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு போலீசாரின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே அந்நியர் புகுந்தார்கள். ரேஷன் அரிசிக்கு விரல் ரேகை கேட்கும் சர்க்கார்கள், அந்த ரேகையைப் பூட்டி வைக்கும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24இல். அதன் பிறகு ஆறு ஆண்டு கழித்து, 2023இல்தான் மத்திய சர்க்கார் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். கம்பெனிகள் நிறைவேற்ற வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு இன்னும் 18 மாத அவகாசம் என்றார்கள். ஆனால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை முடக்கும் திருத்தம் மட்டும் உடனே அமலுக்கு வந்தது! பொதுநலன் கருதினால் தனிநபர் விவரத்தையும் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவில் இருந்த வாசகத்தை வெட்டி எறிந்தார்கள். தேசப் பாதுகாப்பு என்றும் பொது ஒழுங்கு என்றும் சொல்லி, எந்த அரசு அமைப்பையும் புதிய சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரத்தையும் வைத்துக் கொண்டார்கள். அதிகாரியின் கணக்குக்குத் திரை. ஏழையின் வீட்டுக்குக் கதவில்லை! இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். வெட்டிய வாசகத்தை மீண்டும் சேர்க்கப் போராடுவோம்.

சட்டம் திருந்தும் வரை கைகட்டி நிற்க முடியுமா? முடியாது. இன்றே ஒவ்வொரு கிளையும் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையின் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரை மூழ்கடித்தது போன்ற வேளைகளில், நிவாரணப் பட்டியல் தயாரிப்பது நம் தொண்டர்களின் வேலை. அப்போது ஆதார் அட்டையையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பொறுப்பாளர் ஒருவர் நேரில் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நகல் கேட்கும் இடத்தில் ஆதாரின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலே போதுமா என்று கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பெயரும் சீருடையும் தெரியும் படங்களைத் தவிருங்கள். ஊருக்குப் போன படத்தைத் திரும்பி வந்தபின் போடுங்கள். பிறர் படத்தை அவர் சம்மதம் கேட்டே போடுங்கள். சாதி மறுப்பு மணமக்கள், வன்கொடுமைக்கு ஆளானோர், சாட்சி சொல்லப் போகிறவர் ஆகியோரின் பெயரும் இருப்பிடமும் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் இலாபம்.

இது கோழைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டாம். நமது கொள்கையை மறைக்கச் சொல்லவில்லை. கோரிக்கையைத் தாழ்ந்த குரலில் பேசச் சொல்லவில்லை. கூட்டத்தின் நோக்கத்தை முழங்குங்கள். கொடுமை செய்தவனின் பதவியையும் செயலையும் ஆதாரத்தோடு அம்பலப்படுத்துங்கள். ஆனால், நம்மை நம்பி வந்தவனின் விலாசம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதைக் காப்பது தோழமையின் முதல் கடமை. கைப்பேசியில் விரல் வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள், தோழர்களே: இந்தச் செய்தி நாளைக் காலை பகைவன் கையில் இருந்தால், யாருக்குத் தீங்கு? பதில் வரும் வரை விரலை எடுத்துக் கொள்ளுங்கள்!