டிஎம்சியில் அடங்காத காவிரி

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு ஆகிய மூன்று எண்களும் தமிழ்நாட்டில் நாள்தோறும் செய்தி. மட்டம் 120 அடியைத் தொட்டால் டெல்டா மாவட்டங்களே மகிழ்கின்றன. சரிந்தால் குறுவை என்னாகுமோ என்ற கவலை தொற்றிக்கொள்கிறது. கர்நாடகத்தோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாம் நடத்திவரும் வழக்கும் வாதமும் இதே அளவையில்தான் நடக்கின்றன: எத்தனை டிஎம்சி, எந்த மாதத்தில், யார் கையில். வாழ்வாதாரப் பிரச்சினை என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. வண்டலையும் மணலையும் மீனையும் கொண்டுவருகிறது; கடல்நீர் நிலத்துக்குள் ஏறாமல் தடுக்கிறது; கரையெங்கும் மனிதர்களை வாழவைக்கிறது. பெரிய அணை இவை எல்லாவற்றையும் மாற்றுகிறது. அந்த மாற்றத்தை நாம் முறையாக அளப்பதில்லை; அளக்காததால் அது செலவாகவே தெரிவதில்லை. பெரிய அணைகளைப் பற்றிய நம் பேச்சின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

நன்மையை முதலில் முழுமனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். காவிரியின் நீரில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை தருவது. டெல்டாவுக்குச் சொந்த மழை அக்டோபரிலிருந்துதான். இந்த இடைவெளியைச் சேமிப்பு இல்லாமல் கடக்க முடியாது. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களைச் சூறையாடிய மறு ஆண்டே மேட்டூரில் பணி தொடங்கி, 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. 93.47 டிஎம்சி கொள்ளளவு கொண்ட அந்த நீர்த்தேக்கத்தால் குறுவைக்கு ஒரு தேதி கிடைத்தது. மக்கள் புது ஆறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமிக்கும் பாசனம் போனது. மேட்டூர் கட்டியிருக்கக் கூடாது என்று சொல்பவர் அந்த வயல்களை நினைத்துப் பார்க்காதவர்.

இனி வண்டலுக்கு வருவோம். காவிரி டெல்டா என்பதே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான். ஓடும் நீர் நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. மணல் முதலில் படிகிறது, களிமண் பிறகு படிகிறது. மதகைத் தாண்டி வெளியேறும் நீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் அது வயலுக்கு எந்த மண்ணையும் கொண்டுபோவதில்லை. போகும் வழியில் ஆற்றுப் படுகையையே அரித்துக்கொண்டு போகிறது. ஆக, அணைக்குள் தேங்கும் ஒவ்வொரு கூடை வண்டலும் இரண்டு இழப்பு. மேலே கொள்ளளவு குறைகிறது. கீழே வயலும் கடற்கரையும் தேய்கின்றன. உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் நீர்த்தேக்கங்கள் ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை கொள்ளளவை வண்டலுக்கு இழக்கின்றன என்று மதிப்பிட்டது. எகிப்தின் அஸ்வான் உயர் அணை பஞ்சத்தைத் தடுத்தது உண்மை. 1960-களில் அது நைல் நதியின் வண்டலை நிறுத்தியதும், டெல்டாவின் முகத்துவாரங்களைக் கடல் அரிப்பது வேகமெடுத்ததும், கரையோர மத்தி மீன்பாடு சில ஆண்டுகளிலேயே சரிந்ததும் அதே அளவுக்கு உண்மை.

தூர்வாரினால் போயிற்று என்பார்கள். ஒரு டிஎம்சி என்பது 2.83 கோடி கனமீட்டர். பத்து கனமீட்டர் கொள்ளும் லாரிகளில் நாளொன்றுக்கு ஆயிரம் நடை அள்ளினாலும், ஒரே ஒரு டிஎம்சி வண்டலை அகற்ற ஏழே முக்கால் ஆண்டு ஆகும். அதுவும் நீர் வற்றிய மாதங்களில் மட்டுமே அள்ள முடியும் என்றால் கணக்கு இன்னும் நீளும். 2017 முதல் மேட்டூரில் உழவர்கள் வண்டல் அள்ள அனுமதிக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் அது சுற்றுவட்டார வயல்களுக்குப் போகும் மண், நாகப்பட்டினத்துக்கு வரும் மண் அல்ல. டெல்டா சீரழிவதற்கு மணல் கொள்ளையும் ஆழ்துளைக் கிணறுகளும் காரணமில்லையா என்று கேட்கலாம். அவையும்தான் காரணம். ஆனால் மேலிருந்து புது மணல் வராத ஆற்றில் அள்ளப்படும் மணல், வட்டியே வராத முதலைத் தின்பதற்குச் சமம். அணை அந்தக் குற்றத்தின் விளைவைப் பல மடங்காக்குகிறது.

தண்ணீர்க் கணக்கிலும் ஆற்றுக்கு என்ன பங்கு என்று பாருங்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு, ஆண்டுக்கு 740 டிஎம்சியைப் பகிர்ந்தது. அதில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கப்பட்டது 10 டிஎம்சி. தவிர்க்க முடியாமல் கடலில் சேருவதென விடப்பட்டது 4 டிஎம்சி. இரண்டும் சேர்ந்தாலும் நூற்றுக்கு இரண்டு பங்கு இல்லை. வெள்ள ஆண்டுகளில் நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நாமும் சலிக்காமல் சொல்லிவருகிறோம். முகத்துவாரத்தில் நன்னீர் இறங்காவிட்டால் உப்புநீர் ஏறும். கொள்ளிடக் கரையில் குடிநீர்க் கிணறுகளே உவர்த்துப்போகும். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீனுக்கு வழியும் இராது. கடலுக்குப் போகும் நீரெல்லாம் வேண்டும் என்பதல்ல வாதம். எவ்வளவு போக வேண்டும் என்பது ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டிய ஒன்று, பங்கீடு முடிந்தபின் மிஞ்சியதை எழுதிவைக்கும் இடம் அல்ல.

எல்லாவற்றையும் விடக் கனமான செலவு மனிதர்கள் தலையில் விழுகிறது. நீர்மட்டம் சரியும் கோடைகளில் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அதைப் படம் பிடிக்கக் கூட்டம் கூடும். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள், என்ன பெற்றார்கள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. உலக அளவில் பெரிய அணைகளால் வீடிழந்தவர்கள் 4 கோடி முதல் 8 கோடி வரை என்கிறது உலக அணைகள் ஆணையத்தின் அதே அறிக்கை. உச்சவரம்பு கீழ்வரம்பைப் போல் இரண்டு மடங்கு என்பதே, அவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை என்பதற்குச் சாட்சி. எண்ணத் தொடங்கிய இடத்திலும் நீதி தாமதமாகவே வந்தது. நர்மதை நடுவர் மன்றம் 1979-லேயே, அணையால் நிலமிழந்த குடும்பத்துக்கு நிலமே மாற்று, குறைந்தது 2 ஹெக்டேர் என்று விதித்தது. அந்த நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2017 பிப்ரவரியில். இடையில் ஓடியவை 38 ஆண்டுகள். கட்சுக்கும் சௌராஷ்டிரத்துக்கும் நர்மதை நீர் போயிருக்கிறது, அது பெரிய பேறு. அந்தப் பேற்றுக்கு நிலம் கொடுத்தவர்கள் வேறொரு கூட்டம். அவர்களில் பலர் பழங்குடியினர். பலரின் நலனுக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்ற பதில், இழப்பவர் எப்போதும் அதே மனிதர்களாக இருக்கும்போது நியாயமாகாது.

ஏரி குளங்களைச் சீர்செய்தால் போதும், அணையே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏரிகளை மீட்பது அவசரப் பணி. ஆனால் பெங்களூருவின் தாகத்தையும் தஞ்சையின் சம்பாவையும் ஏரிகள் மட்டும் தாங்கா. இருக்கும் அணைகள் இருக்கட்டும். அவற்றின் வண்டல் அளவீடு நீர்மட்டத்தைப் போலவே வெளிப்படையாக வெளியிடப்படட்டும். கடைமடைக்குக் கீழேயும் நீர் போவது சட்டக் கடமையாகட்டும்.

புதிய அணை என்றால் அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். மேகேதாட்டுவில் 67 டிஎம்சி தேக்கும் கர்நாடகத்தின் திட்டத்தை நம் உரிமை பறிபோகும் என்பதற்காக எதிர்க்கிறோம். ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் மூழ்கும், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த காடு என்பதை ஓரமாகத்தான் சொல்கிறோம். அதற்குப் பதிலடியாக ராசிமணலில் நாமே ஓர் அணை கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் இங்கே ஒலிக்கிறது. காடும் வண்டலும் நமக்கு உண்மையான காரணங்கள் என்றால், ராசிமணலுக்கும் அதே கேள்விகளை நாம்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டுப் பெற்ற விடைகளோடு மேகேதாட்டுவை எதிர்த்து நின்றால் தமிழ்நாட்டின் வாதம் இன்றிருப்பதை விட வலுவாக இருக்கும்.