ஒன்றரைச் சுற்றும் ஒரு குறிப்பேடும்

சென்ற இதழில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் சிலர் சங்கக் கூட்டத்தில் என்னைக் கண்டு, "விளையாட்டைப் பற்றியும் ஒரு முறை எழுதலாகாதா?" என்று கேட்டனர். விளையாட்டில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. இருப்புப்பாதை எழுத்தனாகிய எனக்குத் தெரிந்தவை பயணச் சீட்டும் நாட்கணக்குமே. ஆயினும் கடந்த ஓராண்டாக என் மூத்த மகள் ஒரு தாவலைக் கற்று வருகிறாள். அதனால் அவள் கற்றது சிறிது. நான் கற்றது பெரிது. ஆதலின் அதனையே இம்மாதம் எழுதத் துணிந்தேன்.

பனித்தளத்தின்மீது, கூரிய தகடு பொருத்திய காலணி அணிந்து, இசைக்கேற்பச் சுழன்றும் தாவியும் ஆடும் கலைச் சறுக்கை நாம் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். மழையும் வெயிலும் கடற்காற்றுமே அறிந்த கழக்கூட்டத்தில் பனிக்கு எங்கே போவது? சிம்லாவில் 1920 முதல் குளிர்காலத்தில் இயற்கைப் பனித்தளம் உண்டு. டேராடூனில் 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உள்ளரங்கம் ஒன்று எழுப்பப்பட்டது. இரண்டும் நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளன. எனினும் அதே கலையைச் சக்கரக் காலணி அணிந்து சிமெண்டுத் தளத்திலும் ஆடலாம். தாவல்களின் பெயர்களும் பெரும்பாலும் அவையே. 2010இல் குவாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில், சக்கரக் கலைச் சறுக்கின் தனியாட்டத்தில் அனூப் குமார் யாமா நம் நாட்டிற்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். அவனி பஞ்சாலுடன் சேர்ந்து இணையாட்டத்திலும் வெண்கலம் பெற்றார். அச்செய்தியைப் பயிற்சி ஆசிரியை சொல்லக் கேட்ட நாள் முதல் என் மகளுக்கு வேறு நினைவே இல்லை.

அவள் கற்க விரும்பிய தாவலின் பெயர் ஆக்சல். நார்வே நாட்டினரான ஆக்சல் பால்சன் என்பவர் 1882இல் வியன்னா நகரில் முதன்முதலாக இதனைச் செய்து காட்டினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஏனைய தாவல்களில் ஆடுபவர் பின்புறமாகச் சறுக்கி வந்து எழுவர். இதில் மட்டும் முகத்தை முன்னோக்கி வைத்து, ஒரு காலால் எழ வேண்டும். இறங்குவதோ மறு காலில், எல்லாத் தாவல்களையும் போலவே பின்னோக்கி. முன்னோக்கி எழுந்து பின்னோக்கி இறங்குவதால் அரைச் சுற்று கூடிவிடுகிறது. பெயரளவில் ஒரு சுற்றுத் தாவல். உண்மையில் ஒன்றரைச் சுற்று.

அந்த அரைச் சுற்றுக்கு இத்துணை அச்சம் ஏன் என்று தொடக்கத்தில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபின் விளங்கிற்று. தரையிலிருந்து ஓரடி உயரம் எழும்பும் ஒருவர் காற்றில் இருக்கும் காலம் அரை விநாடி. அக்காலத்தை இரட்டிப்பாக்க வேண்டுமாயின் நான்கடி எழும்ப வேண்டும். அஃது ஆகாத செயல். ஆகவே கிடைத்த அரை விநாடிக்குள்ளேயே சுற்றை முடித்தாக வேண்டும். சுழலும் ஆற்றலைத் தரையிலிருந்து எழும்போது மட்டுமே பெற முடியும். எழுந்தபின் அதனைக் கூட்ட வழியில்லை. கைகளை மார்போடு சேர்த்துக் கால்களை ஒன்றோடொன்று நெருக்கினால் சுழற்சி விரைவுபடும், விரித்தால் தணியும். உரிய கணத்தில் சேர்த்து, உரிய கணத்தில் விரித்து, முழங்காலை மடக்கி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அச்சம் கொண்ட பிள்ளை நடுவானிலேயே கைகளை விரித்துவிடுகிறது. சுற்று நிறைவுறாமல் கால் தரையைத் தொடுகிறது. உடல் ஒரு திசையிலும் சக்கரம் மற்றொரு திசையிலும் செல்ல, விழுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதனைக் கற்பிக்கும் முறையைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆசிரியை முதல் நாளிலேயே தாவலைத் தொடவில்லை. முதற்பாடம் விழக் கற்பது. உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். ஆதலின் உடலைத் தாழ்த்தி, இடுப்பின் பக்கவாட்டில் சரிந்து விழ வேண்டும். இரண்டாம் பாடம் இறங்கி நிற்பது. எழாமலேயே, இறங்கிய நிலையில் மட்டும் ஒற்றைக் காலில் பின்னோக்கிச் சறுக்கி, மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். அதன்பின் அரைச் சுற்றுத் தாவல். அதன்பின் ஒற்றைக் காலில் பின்னோக்கிய சுழற்சி. இவ்விரண்டும் தனித்தனியே கைவந்தபின், கான்வாஸ் காலணி அணிந்து வெறுந்தரையில் ஒன்றரைச் சுற்று. சக்கரக் காலணியோடு தாவலுக்கு வந்தது ஐந்தாம் திங்களில்தான்.

ஒரு ஞாயிறன்று காலை அவள் முதன்முதலாக எழுந்து, சுழன்று, இறங்கி நின்றாள். நான் கைதட்டினேன். வரும் வழியில் இனிப்பு வாங்கினேன். ஊரிலுள்ள என் தாயாருக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அதன்பின் ஒன்பது நாட்கள் ஒரு முறைகூட அவளால் நிற்க இயலவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு முறை நின்றது தற்செயலாகவும் இருக்கலாம். எங்கள் தொழிலில், ஒரு நாள் வண்டி நேரத்திற்கு வந்துவிட்டால் அதனை நேரந்தவறாத வண்டி என்று எவரும் சொல்வதில்லை. திங்கள் முழுதும் பார்த்தே சொல்வர். தாவலும் அப்படித்தான். "ஆக்சல் வருமா?" என்று கேட்டால், "பத்தில் எத்தனை?" என்பதே சரியான மறுகேள்வி.

உடனே ஒரு குறிப்பேடு வாங்கினேன். நாள்தோறும் மூன்று பத்திகள் வரைந்தேன்: நின்றது, தொட்டது, விழுந்தது. இரண்டாம் காலோ கையோ தரையில் பட்டால் அது 'தொட்டது'. பணிமுறை ஒத்துவந்த மாலைகளில் தளத்தின் ஓரம் நின்று, ஒவ்வொரு தாவலையும் பதிந்தேன். பத்தில் இரண்டு; பத்தில் ஒன்று; மறுபடி இரண்டு. எண்ணிக்கை குறையும் நாளில், "இன்னும் பத்து செய்" என்பேன். அவளும் மறுக்காமல் செய்வாள். ஒரு மாலை அவ்வாறு கூடுதலாகச் செய்த பத்தில் ஏழாவதில் விழுந்து மணிக்கட்டு சுளுக்கியது. எலும்பு முறியவில்லை. ஆயினும் மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள்.

என் துணைவி அன்றிரவு என்னிடம் உரத்துப் பேசவில்லை. "நம் ஊரில் இருந்திருந்தால் அத்தையும் சித்தியும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே இவள் கை முறிந்தால் நீங்கள் பணிக்குச் செல்வீர்களா, மருத்துவமனையில் இருப்பீர்களா? எட்டாம் வகுப்புப் பிள்ளை. போதும், நிறுத்திவிடுங்கள்" என்றாள். அவள் சொன்னதில் தவறு இல்லை. வேற்றூரில் குடியிருக்கும் நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய கணக்கு உண்டு. மாவட்டப் போட்டி முடிந்தபின் முடிவு செய்வோம் என்று கூறி நாளைக் கடத்தினேன்.

கட்டுப் பிரித்த பிறகு, குறிப்பேட்டை ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சார், இருபதாவது தாவலுக்குப் பிறகு எத்தனை நின்றிருக்கிறது என்று பாருங்கள்" என்றார். பார்த்தேன், ஏறக்குறைய ஒன்றுமில்லை. கால் சோர்ந்தபின் செய்யும் தாவலால் உடல் கற்பது விழுவதையே. தவறும் பழகப் பழக உறுதிப்படும் என்று அவர் விளக்கினார். நான் விடாமுயற்சி என்று எண்ணி ஊட்டியது அத்தனையும் தவறான பயிற்சி. அன்று முதல் ஒரு மாலைக்குப் பதினைந்துக்கு மேல் இல்லை என்று வரையறுத்தோம்.

அதனினும் பெரிய பாடத்தை என் மகள் கற்பித்தாள். வீடு திரும்பும் வழியில், "அப்பா, நீங்கள் எண்ணும்போது நானும் எண்ணுகிறேன். எழும்போது கால் நினைவில் இல்லை; உங்கள் பேனாதான் நினைவில் இருக்கிறது" என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை. மறுநாள் குறிப்பேட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, மதிலுக்கு அப்பால் சென்று நின்றுகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அதனைத் திறந்து பார்த்தேன். அவள் நான்காவது பத்தி ஒன்று வரைந்திருந்தாள். அதன் தலைப்பு: 'பயந்தது'. விரைந்து வந்து, எழ வேண்டிய இடத்தில் எழாமல் சறுக்கிச் சென்றுவிட்டவை அவை. நான் அவற்றை ஒரு நாளும் பதிந்ததில்லை. தாவாத தாவலுக்குக் கணக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். அப்பத்தியில் இருந்த எண்ணோ, விழுந்ததைக் காட்டிலும் இரு மடங்கு. கல்லாவில் வராத பணத்தையும் கணக்கில் காட்ட வேண்டும் என்பது தொழிலில் நான் அறிந்த விதி. வீட்டில் அதனை மறந்திருந்தேன்.

அந்தப் பத்தியைக் கண்டபின் ஆசிரியை பயிற்சியை மாற்றினார். பயந்து விட்டுவிட்ட உடனே மறுபடி முயலச் சொல்லாமல், இரண்டு அரைச் சுற்றுத் தாவல்களைச் செய்துவிட்டு வரச் சொன்னார். கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி, எந்தக் கணத்தில் கை விரிகிறது என்பதை அவள் கண்ணாலேயே காணச் செய்தார். முதலில் குறைந்தது 'பயந்தது'. விழுந்தது அப்படியே இருந்தது. சில நாட்கள் கூடவும் செய்தது. பயந்து விட்டவை தாவல்களாக மாறியதால் விழுவதும் கூடிற்று என்று பின்னர் உணர்ந்தேன். அதன்பின் விழுந்தவை தொட்டவையாயின, தொட்டவை நின்றவையாயின. மூன்றாம் திங்கள் இறுதியில் பத்தில் ஆறு. ஒரு நல்ல மாலையில் ஏழு.

உலகப் புகழ் பெற்றவர்களும் இக்கணக்கிற்குத் தப்பியவரல்லர். மூன்றரைச் சுற்று ஆக்சலைப் போட்டியில் நிறைவேற்றிய முதற் பெண்மணி ஜப்பானின் மிடோரி இட்டோ, ஆண்டு 1988. 1992ஆம் ஆண்டு ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் அதே தாவலில் அவர் விழுந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், கால் சோர்ந்திருந்த வேளையில், அதனை மீண்டும் முயன்று நின்றார். வெள்ளிப் பதக்கம் பெற்றார். இருமுறை ஒலிம்பிக் பொன் பெற்ற யுசுரு ஹன்யு, 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் நான்கரைச் சுற்றை முயன்று விழுந்தார். நான்காம் இடமே கிட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் இலியா மாலினின் என்னும் பதினேழு வயது இளைஞர் அதனை நிறைவேற்றினார். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத், நம் நாட்டின் குடியுரிமை பெற்று, 2025 பிப்ரவரியில் ஹார்பினில் நிகழ்ந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவிற்காகப் பனித்தளத்தில் ஆடினார். அயலூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பனியும் அயலன்று என்பதற்கு அவரே சான்று.

இனி மாவட்டப் போட்டி. என் மகள் எழுந்தாள், சுற்று நிறைவுற்றது, ஆனால் இறங்கும்போது இடக்கால் தளத்தைத் தொட்டுவிட்டது. பரிசு ஒன்றும் இல்லை. தொட்ட பின்னும் அவள் முகம் வாடவில்லை. இசைக்கு ஒரு நொடியும் பிந்தாமல் ஆட்டத்தை முடித்தாள்.

அன்றிரவு என் துணைவி அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். அடுப்படி விளக்கின் கீழ் அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான்காவது பத்தி தொடங்கும் இடத்தில் வெகுநேரம் நின்றாள். பின்பு மகளை அழைத்து, "இவ்வளவு பயந்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். "சொன்னால் நிறுத்திவிடுவீர்களே, அம்மா" என்றாள் பிள்ளை. இருவரும் வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை பயிற்சிக்குப் புறப்படும்போது, மணிக்கட்டுக் காப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டவள் என் துணைவியே. நிறுத்துவது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அன்பர்களே, உங்கள் பிள்ளை கற்பது தாவலாக இருக்க வேண்டுவதில்லை. வீணையோ, கணக்கோ, மேடைப் பேச்சோ, இவ்வூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தோ எதுவாயினும் ஆகுக. முதல் வெற்றிக்கு இனிப்பு வாங்குங்கள். ஆனால் அதனைக் கல்வியின் முடிவாகக் கொள்ளாதீர்கள். சோர்ந்தபின் "இன்னும் பத்து" என்று சொல்லாதீர்கள். எண்ண வேண்டுமாயின், எண்ணும் பேனாவைப் பிள்ளையிடமே கொடுங்கள். விழுந்ததைக் கேட்பது போலவே, பயந்து விட்டுவிட்டதையும் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். அந்தப் பத்தியை அவர்கள் தாமாகவே நமக்குக் காட்டும்படி நாம் நடந்துகொண்டால், மற்ற மூன்று பத்திகளும் காலப்போக்கில் தாமே சீர்படும்.

நேற்றைய கணக்கு: பதினைந்தில் நின்றது பத்து, தொட்டது இரண்டு, விழுந்தது இரண்டு, பயந்தது ஒன்று.